ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நர்ஸ் வேலைக்குப் போவது எப்படி (சேலத்துக்காரர்களுக்கு)

பி.எஸ்சி. நர்சிங் ரிசல்ட் வந்த கையோடு கல்யாணம், அப்புறம் இரண்டு குழந்தை, நடுவில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து அவரைப் பார்த்துக்கொண்டது, இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. சின்னவனை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் பீரோவுக்கு அடியில் கிடந்த சர்டிஃபிகேட் ஃபைலைத் தூசி தட்டினேன். இன்றைக்குச் சேலத்தில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களை முதலில் பார்ப்பது நான்தான். கேப் இருக்கிறது என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகி இருந்தால் அனுப்பியிருக்கிறேன், தெரியாததைத் தெரியும் என்று சமாளித்தவர்களையும் அனுப்பியிருக்கிறேன்.

அதனால் பயோடேட்டா டைப் அடிப்பதற்கு முன்னால் ரெஜிஸ்ட்ரேஷனைப் பாருங்கள். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிந்த ஆர்.என். (நர்ஸ் பதிவு), ஆர்.எம். (மிட்வைஃப் பதிவு) நம்பர் இரண்டும் இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கோர்ஸ் முடித்ததும் பதிவே செய்யாமல் விட்டவர்களும் உண்டு, அவர்கள் இன்றைக்கே தொடங்கட்டும். என்.ஏ.பி.எச். (ஆஸ்பத்திரிகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் வாங்கிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்ஸின் பதிவையும் ஃபைலில் வைத்துக் காட்ட வேண்டும், அதனால் அங்கே "அப்ளை பண்ணியிருக்கேன், வந்துடும் சிஸ்டர்" என்பதெல்லாம் எடுபடாது. இன்னொரு தலைவலி இனிஷியல். சர்டிஃபிகேட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் வேறொன்று. எல்லா விண்ணப்பத்தையும் சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரிலேயே போடுங்கள், திருமணப் பதிவுச் சான்றையும் ஒரு காப்பி சேர்த்து வையுங்கள். இந்த ஒரு எழுத்துக்காக நான் மூன்று தடவை அலைந்தேன்.

அடுத்தது கைப்பழக்கம். படித்தது மறந்துபோயிருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் மறந்ததோடு வார்டுக்குள் வரக்கூடாது. எல்லாப் புத்தகத்தையும் முதலிலிருந்து புரட்ட வேண்டாம், தினமும் கைக்கு வருவதை மட்டும் எடுங்கள். வென்ஃப்ளான் (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் ஊசிக்குழாய்) நிறமும் கேஜ் அளவும் மனப்பாடமாக இருக்கட்டும்: பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. டிரிப் கணக்கை நான் எல்லோரிடமும் கேட்பேன். 500 மில்லியை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42. இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. இதை மாற்றி எடுத்தால் டோஸே மாறிப்போகும், அதனால் வயலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் சேர்த்துப் படித்த பிறகுதான் இழுக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் தள்ளவே கூடாது, ஏன் என்றும் சொல்லத் தெரிய வேண்டும் (இதயம் நின்றுவிடும்). சி.பி.ஆர். (நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று எந்தக் கழிவு எதில் போகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.பி. பார்ப்பதை வீட்டில் உள்ளவர்கள் கையிலேயே பழகலாம். எலெக்ட்ரானிக் மெஷின் வேண்டாம், ஸ்டெத் வைத்துக் காதால் கேளுங்கள். மாமியார் கூட சந்தோஷமாகக் கை நீட்டுவார். ஊசி மட்டும் வீட்டில் வேண்டாம். அதற்குத் தெரிந்த நர்சிங் ஹோமில் "இரண்டு வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். ஆனால் சம்பளம் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காதீர்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் கற்றுக்கொள்கிறீர்களா, ஓசியில் டியூட்டி பார்க்கிறீர்களா என்பது உங்களுக்கே தெரியாது.

சரி, எங்கே போய்க் கேட்பது? ஆன்லைனில் ரெஸ்யூமே போட்டுவிட்டுக் காத்திருந்தால் ஏழு வருட கேப்பைப் பார்த்ததும் தள்ளிவிடுவார்கள். நேரில் போங்கள். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி, சாரதா கல்லூரி சாலை, அஸ்தம்பட்டி என்று ஆஸ்பத்திரிகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் ஒரே நாளில் நாலைந்து படி ஏறி இறங்கலாம். காலை டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து பதினொன்றரை வாக்கில் போய், ரிசப்ஷனில் எச்.ஆரைக் கேட்காமல் நர்சிங் சூப்பரின்டென்டென்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் வேலைக்கு நான் சொல்வது முப்பது முதல் நூறு படுக்கை உள்ள இடம். அங்கே ஒரே ஷிஃப்டில் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் முடிந்து வந்தவர் எல்லாம் கைக்கு வரும், ஆறு மாதத்தில் கை பழகிவிடும். எடுத்த எடுப்பில் ஐ.சி.யூ. கேட்காதீர்கள், பொது வார்டு கேளுங்கள். ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஹாஸ்டல் வைத்த பள்ளிகளில் பிள்ளைகளைக் கவனிக்கிற நர்ஸ் வேலை கிடைக்கலாம், தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆனால் பின்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற எண்ணம் இருந்தால் அந்த அனுபவத்தை வார்டு அனுபவமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அரசு வேலையையும் கூடவே தேடுங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் ஒப்பந்த அறிவிப்புகள் சேலம் மாவட்ட இணையதளத்தில் வரும், ஸ்டாஃப் நர்ஸுக்கு மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று பார்த்திருப்பீர்கள். விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், அட்டெஸ்டேஷன் வாங்கிய காப்பி ஒரு செட் எப்போதும் தயாராக இருக்கட்டும். 2012-இல் தொடங்கிய எம்.ஆர்.பி.யின் (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு வரும்போது எழுதுங்கள், ஆனால் அதற்காக மட்டும் வீட்டில் உட்கார்ந்தால் கேப் ஏழு எட்டாகும், எட்டு பத்தாகும்.

இன்டர்வியூவில் "இத்தனை வருஷம் என்ன பண்ணீங்க" என்ற கேள்வி வந்தே தீரும். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன், இப்போது அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், நைட் டியூட்டிக்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று மூன்று வரியில் முடியுங்கள். அந்த மூன்றாவது வரியைத்தான் நாங்கள் எதிர்பார்க்கிறோம். அதை வீட்டில் பேசி முடிக்காமல் வந்துவிட்டு முதல் மாதமே நைட் வேண்டாம் என்றால் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் சாகிறார்கள். மாமனாரைப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டேன் என்பதையும் நான் சொன்னேன். எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டீர்கள் என்று இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்டார், இரண்டு என்றேன், அதோடு அவர் முகம் மலர்ந்தது.

சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கொடுக்காதீர்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். பதினான்கு மாதம் கழித்துக் கிளம்பும்போது பாண்ட் (இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள், வீட்டுக்காரரையும் அண்ணனையும் கூட்டிப்போய்ச் சத்தம் போட்டுத்தான் வாங்கினேன். ஒரிஜினலைக் காட்டுங்கள், அவர்கள் எதிரிலேயே சரிபார்க்கட்டும், கையோடு திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பாண்ட் என்று ஏதாவது நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடுங்கள். வேலையை விடும்போது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்த வார்டு, எத்தனை படுக்கை ஆஸ்பத்திரி என்ற நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள், ஒன்று விட்டுப்போனாலும் திருத்தி வாங்காமல் படி இறங்காதீர்கள்.