கோட்டி பிடிச்சிருக்கா? ஸ்கைடைவிங் போக நினைக்கிறவர்களுக்கு

விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிற ஸ்கைடைவிங் போகப்போகிறேன் என்று போனில் சொன்னதும் ஆச்சி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏட்டி, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? துட்டையும் குடுத்து மேல இருந்து எவளாவது விழுவாளா?" கோட்டி என்றால் எங்கள் ஊரில் பைத்தியம். உங்கள் வீட்டிலும் இது கட்டாயம் நடக்கும். அதனால் எந்த ஊரில் குதிக்கலாம், எவ்வளவு ஆகும் என்று தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீட்டாரைச் சமாளிக்க எதையாவது சொல்லிவிடலாம், ஆனால் பதிமூன்றாயிரம் அடியில் கதவு திறக்கும்போது அதே கேள்வியை உங்கள் வயிறு கேட்கும், அப்போது யோசிக்க நேரம் கிடைக்காது.

என் பதில் கிணற்றடியில் கிடைத்தது. களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு நடுவில் தாத்தாவின் கிணறு. எட்டு வயதில் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தாத்தா பிடித்துக்கொள்ள, படியிலிருந்து நீச்சல் ஆரம்பம். பத்து வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து குதிக்கப் பையன்களோடு வரிசையில் நின்றேன், "பொட்டப்பிள்ளைக்கு இது எதுக்கு" என்று அம்மா திட்டத் திட்ட. கோடையில் தண்ணீர் கீழே போய்விடும், எட்டிப்பார்த்தால் பாதாளம் மாதிரி இருக்கும். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், பயம் முழுவதும் மேலே நிற்கும்போதுதான். கால் சுவரை விட்ட பிறகு பயப்பட ஏது நேரம்? முங்கி எழுந்து, மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு, உடனே என்ன செய்தோம்? திரும்பப் படியேறினோம். காசு கொடுத்து விமானத்திலிருந்து குதிக்கிறவர்களும் இப்படிப் படியேறுகிற கூட்டம்தான். பயமே இல்லாதவர்கள்தான் குதிப்பார்கள் என்று நினைக்காதீர்கள், பயமில்லாதவருக்கு அதில் என்ன ருசி?

பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் மனிதர்கள் ஏன் விரும்பி மிளகாய் தின்கிறார்கள் என்று ஆராய்ந்தார். நாக்கு 'ஆபத்து' என்று கத்துகிறது, ஒன்றும் ஆகாது என்று மனதுக்குத் தெரிகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தோஷம் பிறக்கிறது என்பது அவர் விளக்கம். தோசைக்குப் புளிமிளகாயைத் தொட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கு இதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆராய்ச்சி நேரடியாக உங்களுக்கு உதவும். 1960-களில் சீமூர் எப்ஸ்டீன், வால்டர் ஃபென்ஸ் என்ற இருவர் பாராசூட்டில் குதிக்கிறவர்களின் பயத்தை அளந்து பார்த்தார்கள். புதியவர்களுக்கு விமானம் ஏற ஏறப் பயமும் ஏறிக்கொண்டே போய், குதிக்கும் வேளையை ஒட்டி உச்சத்துக்குப் போனது. நிறைய முறை குதித்தவர்களுக்கும் பயம் வந்தது, ஆனால் முன்னதாகவே வந்து, குதிக்கும் நேரத்துக்குள் தணிந்துவிட்டது. ஆக, முதல் தடவை போகிற உங்களுக்குக் கதவு பக்கத்தில் கை நடுங்கினால் ஏதோ தப்பாகப் போகிறது என்று எண்ண வேண்டாம். அது வரவேண்டிய இடத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிறந்தநாளுக்குக் குதிக்கிறவர்கள், காதல் முறிந்து குதிக்கிறவர்கள், வீடியோவுக்காகவே குதிக்கிறவர்கள் என்று நிறைய வகை உண்டு. எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டாளிகள் உசுப்பேற்றினார்கள் என்பதற்காக மட்டும் போகாதீர்கள், யாரையும் அப்படி இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். கிணற்றில் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற பயல் எல்லா ஊரிலும் ஒருத்தன் இருப்பான், தள்ளிவிடப்பட்டவன் அதற்கப்புறம் அந்தக் கிணற்றுப் பக்கம் வரவே மாட்டான்.

சரி, எங்கே போவது? நம்ம பக்கத்தில் வழியில்லை. இந்தியாவில் ஹரியானாவின் நார்னௌலில் சிவில் ஆட்கள் குதிக்க ஏற்பாடு இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களுக்குத் துபாய் சுலபம், பனைமர வடிவத்தில் கடலுக்குள் கட்டிய பாம் ஜுமைரா தீவுக்கு மேலேயே குதிக்கலாம். நான் குதித்ததும் அங்கேதான். செலவு இரண்டாயிரம் திர்ஹமைத் தாண்டிவிடும், வீடியோவோடு சேர்த்தா தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: காற்று, மேகத்தால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா? வேறொரு ஊரில் ஓர் இடத்தில் நான் இதைக் கேட்காமல் முன்பணம் கட்டிவிட்டு, மூன்று மாதம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

முதல் முறை போகிறவர்களுக்கு டேண்டம்தான். இன்ஸ்ட்ரக்டரின் நெஞ்சோடு உங்கள் முதுகை ஹார்னஸில் (உடம்பைச் சுற்றிப் போடும் வார்ப்பட்டை) நான்கு இடத்தில் மாட்டிவிடுவார்கள், பாராசூட் அவர் முதுகில் இருக்கும். தாத்தா கையிலிருந்த கயிறுதான் இது, கொஞ்சம் விலை கூடியது. தனியாகக் குதிக்க ஆசை இருந்தால் அது வேறு படிப்பு, தரையில் வகுப்பு, படிப்படியாகப் பல குதிப்பு, அமெரிக்க முறையில் முதல் லைசென்ஸுக்கே 25 முறை குதித்திருக்க வேண்டும். ஒரு தடவை டேண்டம் போய்விட்டு வந்து அதை யோசியுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் பூசி மெழுக மாட்டேன். ஆபத்து உண்டு. அது எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2023-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 36.5 லட்சம் தடவை குதித்ததில் இறந்தவர்கள் 10 பேர். டேண்டம் பையில் பாராசூட் இரண்டு இருக்கும், முதலாவது சொதப்பினால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வைத் திறப்பார்கள். இன்ஸ்ட்ரக்டரே மயங்கிவிட்டால்? அதற்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பைக்குள் உண்டு, சுமார் 2,000 அடி உயரத்திலும் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை அதுவே திறந்துவிடும். போகிற இடத்தில் இந்தக் கருவி இருக்கிறதா, இன்ஸ்ட்ரக்டருக்கு டேண்டம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் குதிக்காதீர்கள். (இதையெல்லாம் கேட்டுவிட்டும் "ரிஸ்க்" என்று எனக்குப் புத்தி சொன்ன சித்தப்பா மகன், நாங்குநேரி நாலுவழிச்சாலையில் ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன்.) உங்கள் இன்சூரன்ஸில் சாகச விளையாட்டுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்றும் ஒருமுறை பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

காற்றைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆடிக்காற்று வருமுன் ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் காது கொடுத்துக் கிடந்த வீடு எங்களுடையது. குதிக்கிற இடத்திலும் அதே பார்வைதான், காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பையையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காற்று மிஞ்சினால் மேலே விடமாட்டார்கள். எனக்கு நாலு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தது. ஆகவே அன்றைக்கு வேறு சோலி எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், சாயங்கால ஃபிளைட்டுக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காலையில் குதிக்க வராதீர்கள்.

உடம்பு விஷயம். சளி, சைனஸ் இருந்தால் தள்ளிப்போடுங்கள், இறங்கும்போது காது உயிரை எடுத்துவிடும். இதயக் கோளாறு, முதுகுவலி, தோள் இறங்கிய பழைய கதை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள், கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. எடைக்கு வரம்பு உண்டு, பல இடங்களில் 100 கிலோவை ஒட்டி இருக்கும், நம் சொல்லை நம்பாமல் அங்கேயே எடை போட்டுப் பார்ப்பார்கள். முந்தின நாள் ஸ்கூபா டைவிங் போயிருந்தால் குதிக்காதீர்கள், உடம்பில் தங்கிய நைட்ரஜன் மேலே போனதும் வேலையைக் காட்டும், ஒரு முழு நாளாவது விடுங்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், பிரியாணி வயிற்றோடும் போகாதீர்கள். நான் இரண்டு இட்லி சாப்பிட்டேன், அது போதும். கயிறு கட்டும் ஷூ போடுங்கள். நீளமான முடி இருப்பவர்கள் குதிரைவால் போட்டுக்கொண்டு போனால் அது இன்ஸ்ட்ரக்டர் முகத்தில் சாட்டையடி அடிக்கும், நெருக்கமாகச் சடை பின்னி ஜாக்கெட்டுக்குள் திணித்துவிடுங்கள். மூக்குத்தி, தொங்கட்டான் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

விமானம் மேலே போக ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். பயத்துக்கு இதுதான் நல்ல விளைச்சல் காலம். பதிமூன்றாயிரம் அடி என்றால் எவ்வளவு என்று நான் அகத்தியர் மலையை வைத்துக் கணக்குப் போட்டேன். அது ஏறக்குறைய 1,870 மீட்டர், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கினாலும் விமானம் இன்னும் மேலே இருக்கும். கீழே இருந்ததைவிட 25 டிகிரி குளிர் கூடுதல், கதவு திறந்ததும் அது முகத்தில் அறையும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மூன்றே மூன்று: கைகளை ஹார்னஸில் பிடித்துக்கொள்வது, தலையைப் பின்னால் இன்ஸ்ட்ரக்டரின் தோளில் சாய்ப்பது, இடுப்பை முன்னால் தள்ளிக் கால்களைப் பின்னுக்கு மடக்குவது. "வாழைப்பழம் மாதிரி வளை" என்றார் என் இன்ஸ்ட்ரக்டர். களக்காட்டுக்காரியிடம் வந்து வாழைப்பழத்தைச் சொல்கிறாரே என்று சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே வெளியே விழுந்தேன். கீழே பார்க்காதீர்கள், எதிரே தொலைவில் தெரிகிற அடிவானத்தைப் பாருங்கள்.

எல்லோரும் பயப்படுகிற அந்த 'வயிறு தூக்கிப்போடுவது' அங்கே நடக்கவே இல்லை. ஆனித் திருவிழாப் பொருட்காட்சி ராட்டினத்தில் அது இதைவிட மோசம். காரணம், விமானமே வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, வெளியே வரும் நாமும் அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டேதான் கீழே வளைகிறோம், நின்ற இடத்திலிருந்து திடீரென்று விழுகிற மாதிரி இல்லை. பத்துப் பன்னிரண்டு நொடியில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டி அதிலேயே நின்றுவிடும், இருவர் எடைக்கு அது இன்னும் எகிறாமல் இருக்க ஒரு குட்டிப் பாராசூட்டை இன்ஸ்ட்ரக்டர் முதலிலேயே வீசியிருப்பார். அப்புறம் விழுகிற உணர்வே போய்விடுகிறது, பெரிய காற்று மெத்தைமேல் குப்புறப் படுத்த மாதிரி. வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள், கத்த ஆசையாக இருந்தால் கத்துங்கள், உங்கள் காதுக்கே கேட்காது. ஏறக்குறைய ஒரு நிமிடம் இப்படி. எனக்கு அதில் பாதி ஞாபகம் இல்லை, வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சுமார் ஐந்தாயிரம் அடியில் பாராசூட் திறந்து ஒரு வெட்டு வெட்டும், அப்புறம் சத்தம் பட்டென்று அடங்கிவிடும். எனக்கு இந்த ஐந்தாறு நிமிடம்தான் அந்த ஒரு நிமிடத்தைவிடப் பிடித்தது. எச்சில் விழுங்கிக் காதைச் சரிசெய்துகொள்ளுங்கள். தலை சுற்றினால் வட்டம் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதிலென்ன வெட்கம். தரை நெருங்கும்போது "காலைத் தூக்கு" என்பார், முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்க வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் சுளுக்கு வாங்குவது காலைத் தொங்கவிட்டு நிற்கப் பார்க்கும்போதுதான்.

அன்றைக்கு இரவு அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனபோது வீடியோவை ஆச்சிக்குக் காட்டினேன். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ் தன் 90-ஆவது பிறந்தநாளிலும் இப்படிக் குதித்தார் என்றேன். "அவருக்கு வேற சோலி இருக்காது" என்றாள். சேலை கட்டிக்கொண்டு குதிக்க முடியுமா என்று கேட்டாள், நான் சிரிக்காமல் ஷீதல் மகாஜன் படத்தை எடுத்துக் காட்டினேன். புனேக்காரர், வடதுருவத்திலும் தென்துருவத்திலும் குதித்து பத்மஸ்ரீ வாங்கியவர், 2018-ல் தாய்லாந்தில் ஒன்பது கெஜச் சேலையோடு குதித்தார். ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தன ஊக்கு குத்தியிருப்பாட்டி?"