சுண்ணாம்புக் காரைத் தூசிக்கு எந்த வாக்குவம் கிளீனர்?

செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் மராமத்து தொடங்கியபோது, சோபா துடைக்க வைத்திருந்த சின்ன வாக்குவம் கிளீனரைத்தான் எடுத்துப் போனேன். கொத்தனார் பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தக் கொத்த, நான் பின்னாலேயே அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். மதியம் வளவில், அதாவது நடுமுற்றத்தில், வெயில் இறங்கியபோதுதான் கண்ணில் பட்டது: முன்னால் உறிஞ்சிய தூசியெல்லாம் மெஷினின் பின்பக்கத் துளை வழியாகப் புகை மாதிரி வந்துகொண்டிருந்தது. கொத்தனாரும் சித்தாளும் அதைத்தான் சுவாசித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மோட்டாரும் கருகிவிட்டது.

அதனால் முதலில் பார்க்கவேண்டியது ஃபில்டர். காரையிலும் சிமென்டிலும் மணல் இருக்கிறது; அதன் சிலிக்கா பொடி 10 மைக்ரானுக்கும் கீழே போனால் நுரையீரலில் தங்கிவிடும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா எச்13 ஃபில்டர், அல்லது இந்த மாதிரி ஆபத்தான தூசிக்கான ‘எம் கிளாஸ்’ முத்திரை உள்ள மெஷின் கேளுங்கள். ஃபில்டருக்கு முன்னால் ஃப்ளீஸ் (துணி மாதிரியான செயற்கை இழை) பை மாட்டும் வசதியும் வேண்டும். காகிதப் பை காரைக்கட்டி பட்டால் கிழிந்துவிடும். மெஷின் விலை கேட்குமுன் மாற்று ஃபில்டரும் பையும் காரைக்குடியிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். பை இல்லாமல் வேலை நின்றால் அன்றைய கூலி வீண்.

இரண்டாவது முறை நான் ஒரு கவரில் காரைத் தூசியை அள்ளிக் கடைக்கே கொண்டுபோனேன். உறிஞ்சச் சொல்லி, காற்று வெளியேறும் இடத்தில் கறுப்புத் துணியைப் பிடித்தேன். முதல் மெஷினில் துணி வெளுத்தது. அடுத்ததில் கறுப்பாகவே இருந்தது, அதையே வாங்கினேன்.

கடையில் வாட்ஸைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். அது மின்சாரச் செலவின் கணக்கு. உறிஞ்சும் அழுத்தம், காற்றின் அளவு இரண்டும் எவ்வளவு என்று கேளுங்கள். ஹோஸ் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காரைக்கட்டி அடைத்துக்கொள்ளும். டிரம் 20 லிட்டர் போதும். காரை கனம், அதைவிடப் பெரிய டிரம் நிறைந்தால், நம் வீட்டு உயரமான நிலைப்படிகளைத் தாண்டித் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

1600 வாட் மெஷின் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் சின்ன பிளக் பாயின்ட் தாங்காது. எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி முதலிலேயே போட்டுவிடுங்கள்.

ஈரம், உலர் இரண்டுக்குமான மெஷினே நல்லது. மழை பெய்தால் வளவில் நிற்கும் தண்ணீரையும் எடுத்துவிடலாம். பையைக் கழற்றி ஸ்பான்ஞ் ஃபில்டர் மாட்டியபின்தான் தண்ணீர். டிரம்மில் சிமென்ட் தூசி இருக்கும்போது தண்ணீர் போனால் கல்லாக இறுகிவிடும்.

அப்புறம், ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையில் மெஷினை அப்படியே இழுக்காதீர்கள். சக்கரத்தில் ஒட்டிய மணல் பூவேலைமேல் கோடு போட்டுவிடும். ரப்பர் சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள். கீழே சாக்கும் விரியுங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வழவழப்பான சுவருக்கும் தேக்கு நிலைக்கும் மயிர் பிரஷ் முனை மட்டும்தான்.

டிரம்மைக் கொல்லையில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு காலி செய்யுங்கள். சித்தாளிடம் அந்த வேலையைக் கொடுத்தால் மாஸ்க்கையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.