முனை எங்கே நிற்கிறது?

பரந்தனில் எங்கள் முற்றத்தில் சிரட்டைக்கரித் தணலில் கோழி சுட்டேன். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி 78 பாகை செல்சியஸ் காட்டியதும் இறக்கி மகளின் தட்டில் வைத்தேன். தொடையைப் பிய்த்தவள், "அப்பா, உள்ளே வேகவில்லை" என்றாள். எலும்போரச் சதை வழுவழுவென்று பச்சையாகவே இருந்தது. பிள்ளை வாயில் வைக்கவிருந்த துண்டு அது, நெஞ்சு பதறிவிட்டது.

முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, முனையை நடுவில் பிடித்தேன். ஐஸ் தண்ணீரில் 0 காட்ட வேண்டும், 0.3 காட்டியது. கருவியில் பிழையில்லை.

பிழை நான் குத்திய விதத்தில். என் கருவியில் வெப்பத்தை உணரும் பகுதி ஊசியின் நுனியில் மட்டுமே இருக்கிறது. நான் ஆழமாகக் குத்தியதில் நுனி சதையைக் கடந்து, தணலைப் பார்த்திருந்த தோலருகே போய் நின்றிருக்கிறது.

இப்போது தொடையின் தடித்த இடத்தில் பக்கவாட்டில் குத்தி, எலும்பில் படாமல், மெல்ல வெளியே இழுத்தபடி எண்ணைக் கவனிக்கிறேன். ஆகக் குறைந்த எண்தான் உண்மை. கோழிக்கு அது 74 ஆக வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிய தோலின் நிறத்தை நம்பி இறக்கவே கூடாது. பச்சைச் சதையில் பட்ட ஊசியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் மறுபடி குத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தோலருகே 80, நடுவில் 61. தணலைச் சற்று ஒதுக்கி, மூடி வைத்துக் காத்திருந்தேன்.