இரண்டு சாண் தண்ணீரில் நான் கவிழ்ந்த கதை: கடல் நாவல் எழுதப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மன்னார்குடித் தம்பி ஒருவர் தன் நாவலைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். நாகப்பட்டினத்து மீனவ கிராமம்தான் களம். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி: "ஓதம் வடிந்து அரை மைல் தூரத்துக்கு மணல் வெளியே கிடந்தது." ஓதம் என்றால் கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டத்தட்ட இதே வரியைப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு நானும் எழுதியிருக்கிறேன்.

நான் குடவாசல் பக்கத்து ஆள். தண்ணீர் என்றால் எனக்கு வாய்க்காலும் மடையும்தான். நாகை இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருப்பதாலேயே கடல் நமக்குத் தெரிந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாகையில் சூரியனைக் கடலுக்குள் அஸ்தமிக்க வைப்பது மாதிரியான தவறுகளை இங்கே சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் யாராவது ஒரு நண்பர் பிடித்துவிடுவார்.

"உண்டா?" என்று கேட்பது

என் முதல் நாவலின் உச்சக்கட்டம் இது. சரக்கு கடத்தும் வல்லம் என்ற மரப்படகு ஒன்று கடல் வற்றியதும் தரைதட்டி நிற்கிறது. கரையில் போலீஸ். விடிவதற்குள் தண்ணீர் ஏறுமா, ஏறாதா? மூன்று அத்தியாயம் இதிலேயே ஓடும்.

விசாரிக்காமல் எழுதவில்லை. அக்கரைப்பேட்டையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களிடம், "இங்கே ஏத்தம் வத்தம் உண்டாண்ணே?" என்று கேட்டேன். "இருக்கு தம்பி" என்றார்கள். நோட்டில் டிக் அடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மீதியை எப்போதோ படித்த வெளிநாட்டுக் கடல் கதைகள் நிரப்பிவிட்டன.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பிரதியைக் கொடுத்தேன். அவருக்குப் பார்வை மங்கல், பேத்தி வாசித்தாள். அந்த இடம் வந்ததும், "மறுபடி படிம்மா" என்றார். படித்தாள். "இது எந்த ஊர்க் கடல் தம்பி?"

கடுவையாற்று ஓரத்துக்குக் கூட்டிப்போனார். படகு கட்டும் கருங்கல் சுவர். மேலே வெளுத்த கல், கீழே தண்ணீர், நடுவில் பச்சையாகப் பாசி பிடித்த பட்டை. அந்தப் பட்டையின் மேல் கையை விரித்து அளந்தார். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் மேலே. "நம்ம கடல் ஏறி எறங்குறது இவ்வளவுதான். இதுக்குப் போயி வல்லம் தட்டுச்சுன்னா நாலு பேரு எறங்கித் தள்ளிட்டுப் போயிடுவாங்களே!"

அவர் சொன்னது சரிதான். அமாவாசை, பௌர்ணமியில்கூட நாகைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 1 மீட்டரைத் தொடாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டர் வரை போகும். புனல் மாதிரி குறுகிக்கொண்டே போகும் வளைகுடா, உள்ளே வரும் தண்ணீரை நெருக்கி உயர்த்திவிடும். நம் கரை நேராக, திறந்து கிடக்கிறது. நான் காம்பே கடலைக் கொண்டுவந்து நாகையில் ஊற்றியிருந்தேன்.

"தண்ணி வத்தணும்னா கோடியக்கரையைச் சுத்திக்கிட்டு மேற்கால போ" என்றார். போனேன். அந்த முனையில் கரை திரும்புகிறது. வடக்கே திறந்த வங்கக் கடல், மணல், அலை. திரும்பினால் ஆழமில்லாத பாக் நீரிணை. கோரையாறும் பாமணியாறும் வந்து விழும் முத்துப்பேட்டைக் காயலில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூடக் கிடையாது. ஒரு சாண் இறங்கினாலே சேற்றுத் திட்டு தலைகாட்டும். சேறு பிடித்துக்கொண்டால் தள்ளவும் முடியாது. சரி, வல்லத்தை அங்கே கொண்டுபோய்த் தட்ட வைக்கலாம். ஆனால் அந்தக் காயலைச் சுற்றி அலையை அடக்கும் அலையாத்திக் காடு. அங்கே அலைக்கு எங்கே போவது? என் நாவலில் அதுவரை நூறு பக்கத்துக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் போயிற்று. "எவ்வளவுண்ணே? கையால காட்டுங்க" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

கட்டுமரத்தை மூழ்கடிப்பது

சேர்த்துக் கட்டிய மரங்கள் அவை. தண்ணீர் புகுவதற்கு அதில் உள்பக்கம் என்று ஒன்று இல்லை. கவிழும், கயிறு அறுந்தால் பிரியும். மூழ்காது.

"பலத்த காற்று வீசியது"

எந்தக் காற்று? வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து சோழகம், மேற்கேயிருந்து கச்சான். வாடையை நமக்கும் தெரியும், சம்பா வயலில் முதுகில் குத்தும். கச்சான் நம் பக்கத்தில் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. உங்கள் ஆள் அதில் பாய் விரித்துச் சுகமாகப் போனான் என்றால், அதே காற்றில் திரும்பி வருவது பெரும்பாடு. போகிற காட்சியை எழுதிவிட்டு, வருகிற காட்சியில் இதை மறந்துவிடுகிறார்கள்.

வருஷத்தைக் குழப்புவது

மே மாதத்தில் விசைப்படகைக் கடலுக்கு அனுப்பும் முன் கதை நடக்கும் ஆண்டைப் பாருங்கள். இப்போது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு 45 நாள். 1990இல் நடக்கும் கதையில் அந்தச் சொல்லே வரக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பைபர் படகு பெருகிவிட்டது. அதற்கு முந்தைய கதை என்றால் மணலில் கட்டுமரங்களும் கிடக்கட்டும்.

சேர்த்த சொல்லையெல்லாம் கொட்டுவது

மீனவர்கள் பேசும் சொல் இருநூறு சேர்த்தேன். நாவலில் பதினொன்று இருக்கிறது. அதிலும் இரண்டு அதிகம்.

மீன் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் வருவது

வாங்குங்கள். பையில் அரை கிலோ சங்கரா இருந்தால்தான் அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து பார்ப்பார்கள். மன்னார்குடித் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு கிலோ வாங்கினாராம். சுவரில் பாசியையும் சாண் போட்டுப் பார்த்தாராம். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருவாரூரிலேயே எழுந்து முன்னால் போய்விட்டாராம்.