ஸ்கேன் பக்கத்தை வாசிக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் தம்பியின் வகுப்பறை. அவனுக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பான்தான் பாடங்களைப் படித்துச் சொல்லும். 2006இல் தொடங்கிய மென்பொருள், காசு வேண்டாம், தமிழும் வாசிக்கும்.

முதல் பருவத்தில் ஒரு விரிவுரையாளர் நாற்பது பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பினார். திரைவாசிப்பான் வாயே திறக்கவில்லை. "அக்கா, ஃபைல் காலியா?" என்றான் தம்பி. காலியில்லை, எழுத்தெல்லாம் படமாக இருந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்களுக்கும் அப்படி வந்தால், விண்டோஸ் 10இலோ 11இலோ பக்கத்தைத் திரை முழுக்கத் தெரியும்படி வையுங்கள். விசைப்பலகையில் இன்செர்ட் விசையை அழுத்தியபடி ஆர் (R) தட்டுங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பொறுக்கியெடுத்து வாசிக்கும். திரையில் தெரிவதை மட்டும்தான். அடுத்த பக்கத்துக்கு மறுபடி தட்ட வேண்டும். அட்டவணையும் சூத்திரமும் குழம்பிப்போகும். அவற்றை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

பருவம் தொடங்குமுன்பே மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவுக்கு எழுதி, தலைப்பு ஸ்டைல் போட்ட வேர்ட் கோப்பாகவே கேட்பது இன்னும் நல்லது. இன்செர்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திவிட்டு எச் (H) தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். தேர்வுக்குக் கூடுதல் நேரத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.