நாய் இருக்கும் வீட்டில் செடி வைப்பது எப்படி?

எங்கள் நாய் மணி கடித்தது மணி பிளான்ட்டை. இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்று எச்சில் நூலாக ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு அது திண்ணையைச் சுற்றியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுச் செடிகளை அதற்குப் பிறகுதான் ஒழுங்கு செய்தோம். நீங்கள் குட்டி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

முதலில் தரையில் உட்காருங்கள். எந்த இலை நாய் வாய்க்கு எட்டும் என்பது அப்போதுதான் தெரியும். தொட்டி ஸ்டாண்டின் மேல் இருக்கிறதே என்று நான் சும்மா இருந்தேன். கொடி தரை வரை தொங்கியதைப் பார்க்கவில்லை.

அடுத்து, பேர் தெரியாத செடி ஒன்றுகூட இருக்கக் கூடாது. படம் எடுத்துக்கொண்டு போய் நர்சரியில் கேளுங்கள்.

அப்புறம் செடிகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள்: உயரத்தில் வைத்தால் போதுமானவை, வீட்டில் இருக்கவே கூடாதவை. மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, கலேடியம், சேம்பு எல்லாம் ஒரு ஜாதி. இலைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். சேனை நறுக்கினால் கை அரிக்குமே, அதே சங்கதிதான். பெரும்பாலும் உயிர் போகாது. உயரத்தில் மாட்டி, கொடியை அவ்வப்போது கத்தரித்தால் சரி.

குட்டைப் பனை போல இருக்கும் சைகஸும் அரளியும் அப்படியல்ல, வீட்டை விட்டே அனுப்புங்கள். மலபாரில் ஈந்துக்காயை ஊறவைத்துக் காயவைத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்களே, சைகஸ் அந்த இனம்தான். நாய்க்கு அந்தப் பக்குவமெல்லாம் தெரியுமா? பச்சையாகக் கடிக்கும், கல்லீரல் கெடும். விதைதான் மிகக் கொடியது. அரளி இதயத்தைத் தாக்கும். காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தது நினைவிருக்கும். செடியை வெட்டினால் மட்டும் போதாது. சாமி படத்திலிருந்து கழற்றிய அரளி மாலையை முற்றத்தில் வீசாதீர்கள். அம்மாவிடம் இதற்குத்தான் அதிக நேரம் வாதாடினேன்.

காலியான இடத்தில் அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட் வைக்கலாம்.

மீறிக் கடித்துவிட்டால், வாயில் மிச்சமிருப்பதை எடுத்து ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நஞ்சாகும். நேரத்தைக் குறித்து, கடித்த இலையைக் கவரில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சைகஸ், அரளி என்றால் நாய் துள்ளி விளையாடினாலும் காத்திருக்காதீர்கள். அரளி என்றால் மலையாள டாக்டருக்கும் புரியும். மற்றதற்கு இலையைக் காட்டுவதுதான் சுலபம்.