ஈர்க்கு, டர்பன்டைன் பட்டை, நாலு அடுப்பு: நீள்வீடு செய்யும் விதம்

கனடாவில் மொன்றியலில் இருக்கும் தம்பி மகள் ஒருநாள் வீடியோ கோலில் வந்து, "அத்தை, ஸ்கூல்ல நீள்வீடு மொடல் செய்யச் சொல்லியிருக்காங்க. நீங்க லயத்துல வளந்தவங்கதானே, அது மாதிரித்தானே இருக்கும்?" என்று கேட்டாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. நீள்வீடு என்றால் கனடாவின் பூர்வகுடிகளில் சிலர், பல குடும்பமாக ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்த நீண்ட மரப்பட்டை வீடு. முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவள் அங்கே செய்யட்டும், நாங்கள் இங்கே செய்வோம் என்று 14 பிள்ளைகளையும் இறக்கிவிட்டேன். மூன்று தடவை செய்தோம். முதலாவது விழுந்தது, இரண்டாவது வீடு மாதிரியே இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யாருடைய வீடு என்பதைத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். "செவ்விந்தியர் வீடு" என்று பலகையில் எழுதாதீர்கள். குதிரையும் இறகுக் கிரீடமும் கூம்புக் கூடாரமும் வேண்டாம். அவை மேற்கே சமவெளிகளில் வாழ்ந்தவர்களுடையவை. நீள்வீட்டில் இருந்தவர்கள் சோளம் பயிரிட்டு ஊர் கட்டி வாழ்ந்தவர்கள். இன்றைய மொன்றியல் இருக்கும் தீவில் ஓஷ்லாகா என்ற ஊர் இருந்தது. பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே 1535 ஒக்டோபரில் அங்கே போனபோது ஏறக்குறைய 50 வீடுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் நடந்தால் 50 எட்டுக்குக் குறையாத நீளம், 12 முதல் 15 எட்டு அகலம், மேலே மரப்பட்டை என்று எழுதி வைத்தார். மேற்கே ஹூரன் ஏரிப் பக்கம் இருந்த வெண்டாட் மக்களும் இதே மாதிரி வீட்டில்தான் வாழ்ந்தார்கள். "ஹூரன்" என்பது பிரெஞ்சுக்காரர் வைத்த பட்டப்பெயர். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது வெண்டாட் என்றுதான். ஊரான் வைத்த பெயரோடு அலைவது என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி வேலை. அளவு ஐம்பதில் ஒரு பங்கு. உண்மை வீடு 30 மீற்றர் நீளம், 7 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே உங்கள் வீடு 60 சென்ரிமீற்றர் நீளம், 14 அகலம், 14 உயரம். அடித்தளத்துக்குக் கடையில் பால்மா வரும் பெட்டி அட்டையைக் கேட்டு வாங்கி, மூன்று தட்டாக ஒட்டுங்கள். ஒரு தட்டு மட்டும் போட்டதால்தான் எங்கள் முதல் வீடு விழுந்தது.

14 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு நீளக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் 4 சென்ரிமீற்றருக்கு ஒரு துளையாக 16 துளை. கோணி ஊசி இதற்கு நல்லது. கம்புக்கு ஈர்க்கு எடுங்கள். ஒரு பழைய ஈர்க்குமாறை அவிழ்த்தால் வேண்டியதற்கு மேலேயே கிடைக்கும், வீட்டில் கேட்டுவிட்டு அவிழ்க்கவும். 21 சென்ரிமீற்றராக 32 வெட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த ஈர்க்கு வளையாது, முறியும். தேயிலை மிலாறு (கவ்வாத்துக் குச்சி) வேண்டாம், அது நம்மைவிடப் பிடிவாதம். தடித்த முனையை ஒரு சென்ரிமீற்றர் துளையில் இறக்கி, எதிரெதிர் ஈர்க்கு இரண்டையும் வளைத்து, உச்சியில் நாலு சென்ரிமீற்றர் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி வைத்து வாழைநாரால் கட்டுங்கள். 16 வளைவும் நின்றதும், பக்கத்துக்கு மூன்றாக நீளவாக்கில் ஈர்க்கு ஓட்டிக் கட்ட வேண்டும். அது இல்லாமல் ஆட்டம் நிற்காது. பசை தொடாதீர்கள். அவர்கள் ஆணி இல்லாமல் வளையும் மரக்கம்பை மரநாரால் கட்டித்தான் எழுப்பினார்கள். ஐஸ் குச்சி வாங்கி ஒட்டுபவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வளைவு கிடைக்காது.

எங்கள் இரண்டாவது வீடு ஏன் கெட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். நான் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அலுவலாகப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள், பிள்ளைகள் உள்ளே எட்டுச் சுவர் வைத்து, எட்டுக் கதவு வெட்டி, முன்னால் இஸ்தோப்பும் (திண்ணை) இறக்கியிருந்தார்கள். மேலே தகரத்துக்குப் பதில் வெள்ளித்தாள். கோடியில் ஒரு மாரியம்மன் கோவில் வேறு. குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிந்த நீளமான வீடு அதுதான். "நடுச்சுவர் இல்லாட்டி சண்டை வராதா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. வரும்தான். ஆனால் நீள்வீட்டில் குடும்பத்துக்குக் குடும்பம் சுவர் கிடையாது. கதவு இரண்டு கோடியிலும்தான். ஜன்னலே இல்லை.

அப்போது ஒன்று செய்தோம், நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவை (அறையை) இதே அளவில் அட்டையில் வெட்டினால் கிட்டத்தட்ட 6 க்கு 7 சென்ரிமீற்றர் வரும். இப்போது நீள்வீட்டின் தரையில் நடுக்கோடு போட்டு, இரண்டு கோடியிலும் 6 சென்ரிமீற்றர் களஞ்சியத்துக்கும் விறகுக்கும் விட்டுவிட்டு, நடுக்கோட்டில் 12 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நாலு அடுப்பு வையுங்கள். ஒரு அடுப்புக்கு இரண்டு குடும்பம், வழியின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவழியின் பாதியையும் சேர்த்து ஒரு குடும்பத்தின் பங்கில் லயக் காம்பரா அட்டை இரண்டு சரியாக அடங்கும். பிள்ளைகள் அட்டையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை.

கூரைக்கும் சுவருக்கும் டர்பன்டைன் மரத்தின் பட்டை. யூகலிப்டஸைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். மரத்தில் உரிக்க வேண்டாம், கீழே விழுந்து கிடப்பதே போதும். ஓர் இரவு பேசினில் ஊறவைத்து, அம்மிக்கு அடியில் இரண்டு நாள் வைத்தால் தட்டையாகிவிடும். அவர்கள் எல்ம், தேவதாரு போன்ற மரங்களின் பட்டையை, மரத்தில் நீரோடும் இளவேனிலில் உரித்தார்கள். அப்போதுதான் பட்டை முழுசாகக் கழன்று வரும். கீழ்வரிசையிலிருந்து தொடங்குங்கள். மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் படிய வேண்டும், இல்லாவிட்டால் மழை உள்ளே. மேலே இன்னொரு வரிசை ஈர்க்கு வைத்து அழுத்திக் கட்டுங்கள். ஒவ்வொரு அடுப்புக்கும் நேர்மேலே புகை போக ஒரு திறப்பு. அது போதாது என்பது வேறு கதை. உள்ளே போய்த் தங்கிய பிரெஞ்சுக்காரர்கள் கண் எரிச்சலைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள். மிலாறு எரித்துச் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது புதினமில்லை. ஒரு பக்கத்தில் பாதியை மூடாமல் விடுங்கள், உள்ளே பார்க்க வேண்டுமே.

இரு பக்கமும் சுவரோடு ஒட்டி இரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் மிலாற்றுக் குச்சியால் பரண். கூரைக் கம்பில் சோளக்கதிர் தொங்க வேண்டும். அதற்குக் குரக்கன் (கேழ்வரகு) கதிரின் விரல்களை உடைத்துக் கட்டினோம், அசல் சோளம் மாதிரியே இருந்தது. வெளியே சோளமும் போஞ்சியும் பூசணியும் ஒரே தோட்டத்தில். சோளத்தண்டில் போஞ்சி ஏறும், பூசணி இலை நிலத்தை மூடும். நம் காய்கறித் தோட்டத்தில் போஞ்சிக்குக் கம்பு தேடி அலைகிறவர்கள் இதைப் பார்க்கலாம். பயிர்ப்பாடு பெண்களின் கையில். வீடும் தாய்வழி, கல்யாணமானதும் ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போவான். எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளை என்றதும் பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நிலம் களைத்து, விறகும் தூரமானால் ஊரையே பெயர்த்து வேறிடம் போனார்கள். பத்து, இருபது, முப்பது வருஷத்துக்கு ஒருமுறை. போவதா இருப்பதா என்று முடிவெடுத்தது அவர்களே. எந்தத் துரையிடமும் கேட்கத் தேவையில்லை.

சரி, வீடு நின்றாயிற்று. இனி ஒரு துண்டு அட்டையில் வருஷத்தை எழுதி முன்னால் நடுங்கள். வருஷத்தைப் பொறுத்து உள்ளே இருக்கும் சாமான் மாறும். இதைச் செய்யாவிட்டால் செய்தது வெறும் பொம்மை வீடு.

1534 க்கு முன் என்றால் மண்பானை, கல்கோடரி, எலும்பு ஊசி. களிமண்ணில் செய்யலாம். அந்த வருஷம் கார்த்தியே காஸ்பேயில் 30 அடிச் சிலுவை நட்டார். ஸ்டாடகோனா ஊர்த் தலைவர் டொன்னகோனா படகில் வந்து, இது எங்கள் நிலம் என்று சைகையால் எதிர்த்தார். கார்த்தியே அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிரான்சுக்குக் கூட்டிப்போய், அடுத்த வருஷம் வழிகாட்டிகளாகத் திருப்பிக் கொண்டுவந்தார். அவர்கள் வாயில் "கனாட்டா" என்று வந்தது, ஊர் என்று பொருள். அதுதான் கனடா ஆனது.

அந்தப் பனிக்காலத்தில் கார்த்தியேயின் ஆட்களுக்கு ஸ்கர்வி வந்து, பல்லீறு அழுகி, 110 பேரில் 25 பேர் செத்தார்கள். டொன்னகோனாவின் மகன் டொமகாயாதான் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கக் காட்டிக்கொடுத்தான். மிச்சப் பேர் பிழைத்தார்கள். பிழைத்து எழுந்து, 1536 மேயில் டொன்னகோனாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. 1541 இல் வந்த கார்த்தியே, தலைவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் அங்கே பிரபுக்கள் மாதிரி வாழ்கிறார்கள் என்று ஊரில் சொன்னார். இந்த இடத்தில் என் வகுப்பு அமைதியாகிவிட்டது. உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். ஓர் எச்சரிக்கை: பிள்ளைகள் அந்தக் கஷாயத்தை நடித்துக் காட்ட ஆசைப்பட்டுத் தோட்டத்து சைப்ரஸ் இலையைப் பறித்து வருவார்கள். விடாதீர்கள், அது வேறு மரம். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

1615 என்று எழுதினால் வெண்டாட் நாட்டுக்கு வந்துவிடுகிறோம். பிரெஞ்சுக்காரரான ஷாம்ப்லேன் 1608 இல் கியூபெக்கில் குடியேற்றம் வைத்து, 1615 இல் வெண்டாட் ஊர்களில் பனிக்காலம் கழித்தார். இப்போது உள்ளே பித்தளைச் சட்டி, இரும்புக் கோடரி, கண்ணாடி மணி வர வேண்டும். சட்டிக்குத் தேயிலைப் பொட்டணத்தின் உள்தாளை உருட்டுங்கள். ஆனால் மண்பானையை எடுத்து வீசிவிடாதீர்கள், இரண்டும் ஒரே அடுப்பில் இருந்த காலம் அது. கோடியில் நீர்நாய் போன்ற பீவர் தோல் கட்டு. பழைய பழுப்புக் கம்பளித் தொப்பி ஒன்றை வெட்டினோம். ஐரோப்பாவில் தொப்பி செய்யத்தான் அந்தத் தோலுக்கு இவ்வளவு அடிபிடி. அதிலும் இவர்கள் போர்த்திப் பழசாக்கிய தோலுக்கே கூடுதல் விலை. உடம்பில் உரசி நீள முடி உதிர்ந்து, தொப்பிக்கு வேண்டிய மென்முடி மட்டும் நிற்கும். தங்கள் பழைய உடுப்பை வாங்கிக்கொண்டு புதுக் கோடரி தருகிறவர்களை அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 1623 இல் அங்கே போய்த் தங்கிய சாகார் என்ற துறவி, பிரான்சில் பிச்சைக்காரர்கள் உண்டு என்று கேட்டதும் வெண்டாட் மக்கள் பிரெஞ்சுக்காரரைக் குறை சொன்னதாக எழுதியிருக்கிறார்.

1640 என்று எழுத மனம் வருமானால், எட்டுக் குடும்பத்துப் பொம்மைகளில் நாலை எடுத்துவிடுங்கள். 1634 இலிருந்து ஆறு வருஷத்தில் அம்மை முதலிய தொற்று நோய்களில் வெண்டாட் மக்களில் பாதிப் பேர் போனார்கள். எந்த நாலு என்று பிள்ளைகளைத் தெரிவு செய்யச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன், ஒருத்தி அழுதுவிட்டாள். நீங்களே எடுங்கள். 1649 இல் ஹோடினோஷோனி (இரோக்குவா) மக்களின் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஊர்கள் கலைந்தன. ஆனால் மக்கள் அழியவில்லை. கியூபெக் நகரத்துக்குப் பக்கத்தில் வெண்டாக்கே என்ற அவர்களுடைய ஊர் இன்றும் இருக்கிறது. தம்பி மகள் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

மழைக்காலத்தில் பட்டை சுருளும். ஈரத்துணி போர்த்தி மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். குரக்கனைக் காட்சிக்கு முதல் நாள்தான் கட்ட வேண்டும். நாங்கள் முன்கூட்டியே கட்டி, ஒரே இரவில் வாசிகசாலை எலி முழு அறுவடையையும் முடித்துவிட்டது. நீள்வீட்டிலும் எலித்தொல்லை பெரிது என்று சாகார் எழுதியிருப்பதால், கடித்த கதிர்களை அப்படியே தொங்கவிட்டோம்.